நான் தோற்ற வழக்கை நானே படித்துக் காட்டியது

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நுகர்வோர் ஆணையத்தின் வராந்தாவில் என் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். செல்வி போன் செய்தார். செல்வி நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர். ஒரு காலத்தில் நான் அவருக்கு எதிராக வாதாடியவன். "சார், டீச்சர் பூட்டாங்க சார். காலைல காபி குட்சிக்கினு இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்க. நீ வந்துடு சார்" என்றார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதலில் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாய்தா வாங்கிக்கொண்டு சாந்தோமில் இருக்கும் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

ரோஸ்லின் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். மயிலாப்பூரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு, வேலையை விட்டபிறகு சட்டம் படித்து, தலை நரைத்த வயதில் கறுப்பு அங்கி போட்டவர். அங்கி போட்டும் பெயர் மாறவில்லை. ஆணையத்துத் தலைவர்கூட ஒரு தடவை வாய்தவறி டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவருடைய சாந்தத்தைப் புகழ்ந்தார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காமல்தான் இருந்தது. வாதம் செய்யும்போது எதிரில் இருப்பவரை வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பாதி நாள் நான் செய்யாமல்தான் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

வழக்கு இதுதான். நான்கு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், அப்போது அவர்கள் என் கட்சிக்காரர்கள். செல்வி தன் மகள் ரோஷினிக்கு யூனிஃபார்ம் எடுக்க வந்திருந்தார். இரண்டாவது மாடியில் துணி எடுத்து, சேல்ஸ்மேன் சீட்டும் போட்டுவிட்டார். ஷூ வாங்க மூன்றாவது மாடிக்குப் போகவேண்டும். சீசன் சரக்கு ஏற்றுவதற்காக லிஃப்டைப் பொதுமக்களுக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். செல்விக்கு எஸ்கலேட்டர் பழக்கமில்லை. ஒரு கையில் கடை கொடுத்த கூடை, இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளையைத் தனக்கு முன்னால் நிற்கவைத்துக்கொண்டார். மேலே படி முடிகிற இடத்தில் சீப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும். அதில் இரண்டு பல் உடைந்திருந்தது. பிள்ளை தடுமாறி விழுந்து கையை ஊன்றியது அந்த இடத்தில். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மூன்றாம் நாள் கடையிலிருந்து இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பிள்ளைக்கு ஒரு பட்டுப்பாவாடை. கூடவே ஒரு தாள். "என் கவனக்குறைவினால் என் மகளுக்கு விபத்து நேர்ந்தது. கடையின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை." செல்வி கையெழுத்துப் போட்டார். அந்த வாசகம் என்னுடையது. என் கம்ப்யூட்டரில் பல வருடமாகக் கிடந்த மாதிரி அது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். அனுப்பிவிட்டு டிபன் சாப்பிடப் போனேன் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்குத்தான் அது என் மனதில் பட்டது.

தாள் கடைக்குப் போனாலும் அதிலிருந்த சேதி குப்பத்துக்குப் போய்விட்டது. செல்வியே எழுதிக் கொடுத்துவிட்டாள், இவள் தப்புதான் என்று பேச்சாகிவிட்டது. அவருடைய மாமியார் கன்னியம்மா மீன் சந்தில் செல்வாக்கான மனுஷி. மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கைய வுட்டவ" என்றார். சந்து முழுக்க அப்படியே சொல்ல ஆரம்பித்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்த செல்வி, வரிசையின் கடைசியில், யாரும் வண்டி நிறுத்தாத இடத்தில் கூடையை வைக்கவேண்டியதாயிற்று. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை.

டீச்சர் தினமும் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர். கடைசியில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் போய்ச் சங்கரா வாங்கினார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், கதையைக் கேட்டார். மறுநாள் செல்வியைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, வழி இருக்கிறது என்று விளக்கியிருக்கிறார். போலீஸில் அஜாக்கிரதை என்று புகார் கொடுக்கலாம். சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவையில் குறை என்று அங்கே கேட்பதற்குச் செலவும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போய்விடவேண்டும். அந்தக் கையெழுத்துக்காகப் பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வாங்கிய கையெழுத்தால் பிள்ளையின் உரிமை போய்விடாது என்றாராம். அன்று சாயங்காலமே, கேமராப் பதிவை அழிக்கக்கூடாது என்று கடைக்கு ஒரு பதிவுத் தபால் போனது. பிள்ளை போட்டிருந்த கவுன், சேல்ஸ்மேன் எழுதிய சீட்டு, டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சீட்டால் எனக்கு முதல் அடி விழுந்தது. பில் போடாதவர் நுகர்வோரே இல்லை என்று ஆரம்பத்தில் நான் ஒரு வாதம் வைத்தேன். டீச்சர் டின்னைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினார். கடையின் பெயர், யூனிஃபார்ம் அளவு, சேல்ஸ்மேனின் எண், எல்லாம் அதில் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்து, அடுத்த வாதத்துக்குப் போகலாமே என்றார். கேமரா அன்று பழுது என்று கடை பதில் கொடுத்திருந்தது. ஆகையால் கடைசிவரை என் கையில் நின்றது ஒரே ஒரு ஆயுதம். எச்சரிக்கைப் பலகை இருந்தது, தாய் அதை மதிக்கவில்லை என்பது.

இடத்தை நேரில் பார்க்க ஆணையம் அனுமதி கொடுத்தது. டீச்சர் ஓர் அடி ஸ்கேலோடு வந்தார். நேராக எஸ்கலேட்டர் முன்னால் போய், புடவையைச் சொருகிக்கொண்டு, தரையில் முழங்கால் போட்டார். ரோஷினியின் கண் இந்த உயரத்தில்தான் இருக்கும், நீங்களும் வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டார். வெள்ளை பேன்ட் அழுக்காகும் என்று நான் போகவில்லை. பிறகு எழுந்து, அந்த மாடியில் நின்ற ஊழியர்களிடம் ஒவ்வொருவராக, எஸ்கலேட்டரை அவசரத்துக்கு நிறுத்துகிற ஸ்விட்ச் எங்கே என்று கேட்டார். ஒருவர் சுவரைக் காட்டினார். ஒருவர் சூப்பர்வைசரைக் காட்டினார். ஒரு பெண் கீழே கரண்ட் ரூமுக்குப் போகவேண்டும் என்றார். சிவப்பு பட்டன் அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று பிள்ளையின் கை மாட்டியிருந்தபோதும் கரண்ட் ரூமுக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். நான் குனிந்து ஃபைலைப் புரட்டுவதுபோல நடித்தேன்.

இனி, இந்த வழக்குக்குள் கொலு வந்த விஷயத்துக்கு வருகிறேன். 'குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளவும்' என்ற பலகை எஸ்கலேட்டர் அருகில் தொங்குகிற புகைப்படம் ஒன்றை மேனேஜர் எனக்குக் கொடுத்திருந்தார். விபத்து நடந்த மறுநாள், ஜூன் மாதத்தில் எடுத்தது என்று பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, நன்றாகத் தெரியட்டும் என்று அதைப் பெரிதாக்கி, கலரில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, மூன்று பிரதிகள் தாக்கல் செய்தேன். அதில் ஒன்று டீச்சருக்கும் போனது.

மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்ய டீச்சர் அனுமதி வாங்கியிருந்தார். பலகையைப் பற்றிக் கேட்பார் என்று மேனேஜரை நன்றாகத் தயார் செய்திருந்தேன். டீச்சர் பலகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்கள் கடையில் கொலு வைப்பீர்களா என்று கேட்டார். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. வருடா வருடம் வைக்கிறோம், ஒன்பது படி, அடையாறு, அசோக் நகரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள் என்றார். எப்போது வைப்பீர்கள் என்றார். நவராத்திரிக்குத்தான் என்றார். ஜூன் மாதத்தில் எப்போதாவது வைத்ததுண்டா என்றார் டீச்சர். மேனேஜர் சிரித்தேவிட்டார். "அது எப்படிம்மா, ஜூன்ல யாராவது கொலு வைப்பாங்களா?"

டீச்சர் லேமினேட் செய்த படத்தைத் தலைவரிடம் கொடுத்தார். பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடி பதித்த தூண் ஒன்று இருந்தது. அந்தக் கண்ணாடியில், எதிர்ப்பக்கம் வைத்திருந்த கொலு விழுந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த படிகள், தசாவதாரம், செட்டியார் பொம்மை, முன்னால் குத்துவிளக்கு. நான் பெரிதாக்கிக் கொடுத்த புண்ணியத்தில் செட்டியாரின் தொப்பைகூடத் தெரிந்தது. டீச்சரின் நோட்டீஸ் கடைக்கு வந்தது நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால். பலகை அதற்குப் பிறகுதான் மாட்டப்பட்டிருக்கிறது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் மேனேஜரை அல்ல, என்னைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாகக் கொலு வைக்கிற வீடு எங்களுடையது. அவள் காபியை என் முன்னால் வைத்தாள். "நம்மாத்துக் கொலுவுக்கு வருஷா வருஷம் பலகை தூக்கிண்டு வந்து படி கட்டறது நீங்கதானே? கோயிலுக்கே போகாத மனுஷி கண்ணுல பட்டது, உங்க கண்ணுல படலையா?" என்றாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற சமாச்சாரம், கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. இதை டீச்சரிடமே பிற்பாடு சொன்னேன். "முப்பது வருஷமா மயிலாப்பூர்ல எல்லார் வீட்டுக் கொலுவுக்கும் போய்ச் சுண்டல் சாப்பிட்டவ நான். எனக்குத் தெரியாதா சார்?" என்றார்.

வழக்கிலிருந்து விலகிவிடலாம் என்று முடிவு செய்து மறுநாள் டீச்சரிடமே போய்ச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க போனா வேற ஒருத்தர் வருவார். அவருக்கு வெட்கப்படவே ஆறு மாசம் ஆகும். நீங்க இப்பவே படறீங்க, இருங்க" என்றார். இருந்தேன். கடை முதலாளியிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அவர் சமரசத்துக்கு இறங்கினார். மருத்துவச் செலவு முழுக்கத் தருகிறோம், இனிமேல் செய்யவேண்டிய ஆபரேஷனுக்கும் தருகிறோம், யார் மீது தவறு என்பதைப் பற்றி மட்டும் எதுவும் எழுதவேண்டாம் என்றார். நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைத்தேன்.

டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை வைத்துச் செல்விக்கு வரிவரியாகப் படித்துக்காட்டினார். நானும் இருந்தேன். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. இதை வாங்கிக்கொண்டால் பிள்ளையின் அடுத்த ஆபரேஷனை உடனே செய்துவிடலாம். வேண்டாம் என்றால் தீர்ப்பு வரக் காத்திருக்கவேண்டும், அதற்கு மேல் கடை அப்பீல் போனாலும் போகும், ஜெயிப்போம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, முடிவு உன்னுடையது என்றார். செல்வி டீச்சரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"இதுல என் மேல தப்பு இல்லன்னு எய்திகீதா சார்?"

இல்லை என்றேன். சமரசத்தில் அப்படியெல்லாம் எழுதமாட்டார்கள் என்றேன்.

"அப்ப வாணாம் சார். ஆபரேசனுக்கு நான் எங்கனா கடன ஒடன வாங்கிக்கிறேன். என் பொண்ணு நாளிக்குப் பெரிசாகி, எங்கம்மாதான் கைய வுட்டுச்சுன்னு நெனச்சிக்கினு இருக்கக் கூடாது."

டீச்சர் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் மாதிரித் தாள் அந்த வீட்டில் என்ன செய்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்கிட்ட எதுக்கு சார் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் வாதாடினேன் என்று சொல்லமுடியாது, ஆஜரானேன். ஆபரேஷன் தள்ளிப்போனால் கை இன்னும் இறுகிவிடும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் காட்டி, டீச்சர் சீக்கிரம் தீர்ப்புக் கேட்டார். தீர்ப்பு வந்தது. வேரோடு பிடுங்கியதுபோலத் தோற்றேன். ரோஷினிக்கு வயது வரும்வரை எல்லா ஆபரேஷனும் கடையின் செலவு, நஷ்டஈடு தனி. எல்லா எஸ்கலேட்டரையும் ஒரு மாதத்தில் பழுதுபார்த்து, ஊழியர்களுக்கு ஸ்விட்ச் எங்கே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஆணையத்துக்கு அறிக்கை தரவேண்டும். ஆஸ்பத்திரியில் வாங்கிய தாள் செல்லாது. முதலாளி அப்பீல் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம், மாநில ஆணையத்திலும் உங்கள் கொலுவைப் பார்ப்பார்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு டீச்சர் நேராக என்னிடம் வந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு நொச்சிக்குப்பம் வரவேண்டும் என்றார். எதற்கு என்றேன். "நான் படிச்சா, எங்க ஆளுக்காகப் படிக்கிறேன்னு சொல்லுவாங்க. தோத்த வக்கீல் வந்து படிச்சா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீங்கதான் படிக்கணும்." எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு நடைமுறை கிடையாது என்றேன். நாலு மணிக்கு என்றார்.

போனேன். முட்டைகூடச் சாப்பிடாதவன், கறுப்புக் கோட்டோடு மீன் சந்தின் நடுவில் நின்றேன். வாங்க வந்தவர்கள் நான் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து ஒதுங்கினார்கள். டீச்சர் என்னை ஓர் ஐஸ் பெட்டிமேல் ஏறச் சொன்னார். ஏறினேன். கன்னியம்மா வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வரிசையின் கடைசியில் செல்வி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்பதை முதலில் சொன்னேன். கடைக்காக வாதாடியவன், செல்வி கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எழுதியவன், இந்த வழக்கில் தோற்றவன். சந்தில் பேரம் நின்றது. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பதினான்காம் பத்தியை எடுத்து, சத்தமாக, தமிழில் சொன்னேன்.

"இந்தத் தாய் ஒரு தாய் செய்யக்கூடிய அத்தனையும் செய்திருக்கிறார். இந்த விபத்துக்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல."

கன்னியம்மாவின் கத்தி நின்றது. "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். "இத ஜட்ஜா எய்தினாரு?" என்றார். ஆமாம், கையெழுத்து இருக்கிறது என்று காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி முத்திரையைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, தன் பலகையையும் கூடைகளையும் இழுத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினார். பிறகு சந்தின் கடைசிவரை கேட்கும்படி கூப்பிட்டார்.

"செல்வி, கூடய எத்துக்கினு வா. இங்க வந்து குந்து."

செல்வி கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசை முழுக்க நடந்து வந்தார். ஒவ்வொருத்தராக அவருக்கு வழிவிட்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ரோஷினி இரண்டு கையையும் தட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்து, மூன்றாம் வகுப்பில் சரியாக ஒப்பித்த பையனைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார். எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட சந்தோஷம் எதிலும் பட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குப்பமே வந்திருந்தது. குழியில் மண் போடுகிறபோது செல்வி தன் பக்கத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டி, "இவுருதான் எனக்கு எதுரா வாதாடுன வக்கீலு. இவுருதான் படிச்சாரு" என்று பெருமையாகச் சொன்னார். ரோஷினி இப்போது ஐந்தாம் வகுப்பு. மண்ணை வலது கையால் அள்ளிப் போட்டாள், ஒரு பிடிகூடச் சிந்தவில்லை.

டீச்சரின் புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் எழுதிய கடிதமும் இல்லை, இருப்பதெல்லாம் எனக்கு எதிராக அனுப்பிய நோட்டீஸ்கள்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற அந்த மாதிரித் தாளைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். நான் ஜெயித்த தீர்ப்புகளில் ஒரு வரிகூட எனக்கு மனப்பாடம் இல்லை. தோற்றதில் பதினான்காம் பத்தி இருக்கிறது. எவர் எந்த நேரத்தில் கேட்டாலும், ஐஸ் பெட்டிமேல் நிற்காமலேயே சத்தமாகச் சொல்லுவேன்.